மணமில்லாத எண்ணெய்

"கட்டுரையில் என் பெயரை முதலில் போடுங்க, மேடம்" என்று ஒரு முறை கேட்டேன், ஐயா. அவ்வளவுதான் கேட்டேன். கேட்கக் கூடாது என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

நீங்கள் என்னிடம் நான்கு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "அந்தம்மா போன்ல கடைசியாப் பேசினது உன்கிட்டதான். அவங்களுக்கு மூக்கு வேலை செய்யலைன்னு உனக்குத் தெரியும்ல? அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா, பத்து நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறீர்கள். காவல் நிலைய மேஜையில் கோப்பு திறந்தே இருந்தது. படித்துவிட்டேன். எங்கள் வீட்டில் படிப்பு என்பது என்னோடு தொடங்கியது. கண்ணெதிரே எழுத்து இருந்தால் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. "வாசனை உணரும் திறனை இழந்த அறுபத்து மூன்று வயதுப் பெண்மணி, எரிவாயு கசிந்ததை அறியாமல் அடுப்பைப் பற்ற வைத்ததால் நேர்ந்த விபத்து" என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து அழகாக இருக்கிறது. விஷயத்தில்தான் தவறு. அவர் மூக்கு நன்றாக வேலை செய்தது. எரிவாயு கசிவதும் அவருக்குத் தெரிந்தது.

ஆற அமர எழுதுகிறேன். நான்கு தாள் போதாது என்று தோன்றியதால் அலமாரியிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன்.

கல்லூரிக் கடைசி ஆண்டில், ஒரு புல்லிலிருந்து வாசனை எண்ணெய் வடிப்பதுதான் என் ஆய்வு. நான்கு மாதம். புல்லை நானே அறுத்து, நானே நறுக்கி, நீராவியில் வேகவைத்துச் சொட்டுச் சொட்டாக வடித்தேன். பதினேழாவது முறைதான் சரியாக வந்தது. விரலெல்லாம் புல் கிழித்த கோடு. சோற்றில் கை வைத்தால் எரியும். அந்த எண்ணெயை வைத்துத்தான் மேடம் கட்டுரை எழுதினார். அவர்தான் எங்கள் துறைத் தலைவர்.

ஆய்வக உதவியாளரை எல்லோரும் லேப் அண்ணன் என்போம். அவர் முதல் வாரமே சொன்னார்: "மேடம்கிட்ட லீவு கேளு, மார்க்கு கேளு, ஏன், அவங்க வீட்டுச் சாவியைக்கூடக் கேளு தங்கச்சி. பேரை மட்டும் கேட்டுடாதே." அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் துறையில் அழுத பிள்ளைக்குக் கதவைக் காட்டுவார்கள்.

நான் கேட்டேன். கட்டுரையின் தலையில் மேடத்தின் பெயரும் அவருடைய அண்ணன் மகன் பெயரும் இருந்தன. அவன் ஆய்வகத்துக்குள் வந்ததே இல்லை. ஒரு நாள் மழைக்கு ஒதுங்க வாசல் வரைக்கும் வந்தான். கடைசிப் பக்கத்தில், "ஆய்வகத்தில் உதவிய மாணவிக்கு நன்றி" என்று ஒரு வரி. எந்த மாணவி என்று இல்லை.

மேடம் கோபப்படவில்லை. ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட்டபடியே, தலை நிமிராமல் கேட்டார்: "பேரா? உங்க வீட்ல இதுக்கு முன்னாடி பேர் எழுதத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

இல்லைதான். என் மதிப்பெண் அட்டையில் அப்பா கைநாட்டு வைப்பார். கட்டட வேலையில் சிமென்ட் தின்ற கட்டைவிரல். ரேகைகூட ஒழுங்காக விழாது. மேடம் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

மேற்படிப்புக்கு அவர் கொடுத்த பரிந்துரைக் கடிதத்தை உறை ஒட்டித்தான் கொடுத்தார். நேர்காணலில் ஒருவர் அதைப் பிரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, எனக்கும் வாசித்துக் காட்டினார்: "திறமை உண்டு. அடக்கம் இல்லை." நான்கே சொல். இடம் கிடைக்கவில்லை.

அப்பாவிடம் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. கைநாட்டைப் பற்றி மேடம் சொன்னதை மட்டும் ஒரு நாள் எரிச்சலில் சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து அவர், கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் தன் பெயரை எழுதிப் பழக ஆரம்பித்தார். ஆறு மாதம் ஆனது. இப்போது எழுதுவார். கடைசி எழுத்து மட்டும் படி இறங்குவதுபோல வரியை விட்டுக் கீழே போகும்.

நான் வாசனை எண்ணெய்க் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்கு மேலே ஒரு மாடி அறை. சனிக்கிழமைகளில் அங்கே "உங்கள் வாசனையை நீங்களே கலக்கலாம்" என்று முதலாளி ஒரு வகுப்பு தொடங்கினார். "நீதான் கெமிஸ்ட்ரி படிச்சவளாச்சே, நீயே மேய்ச்சுக்கோ" என்று என்னை நிறுத்தினார். எட்டு நாற்காலி, எட்டுத் தட்டு. தட்டில் ஆறு சின்னக் குப்பி, ஒரு சொட்டுக்குழாய், முகர்ந்து பார்க்க ஒரு கட்டு காகிதப் பட்டை.

சொல்லிக்கொடுப்பது கடினம் இல்லை. எலுமிச்சைத் தோல் மாதிரியான வாசனைகள் முதலில் மூக்கில் ஏறும். கால் மணி நேரத்தில் போய்விடும். பூவும் இலையும் நடுவில் நிற்கும். மரம், வேர், பிசின் எல்லாம் அடியில் கிடந்து மறுநாளும் இருக்கும். மேலே மூன்று சொட்டு, நடுவே ஐந்து, அடியில் இரண்டு என்று தொடங்குங்கள் என்பேன். அதை அப்படியே பூசிக்கொண்டால் தோல் எரியும். மணமில்லாத எண்ணெயில் கலந்து, ஒரு வாரம் மூடி வைத்து, பிறகுதான் முகர வேண்டும். அந்த எண்ணெய்க்குத் தனக்கென்று ஒன்றும் கிடையாது. வாசனை இல்லை, நிறம் இல்லை. என்ன எண்ணெய் என்று பெயரைக்கூட யாரும் கேட்பதில்லை. ஆனால் குப்பியில் பத்தில் ஒன்பது பங்கு அதுதான்.

புதிதாகக் கற்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தவற்றைச் செய்வார்கள். வாசனை வரவில்லை என்றால் குப்பியைச் சந்தேகப்பட மாட்டார்கள். மூக்கைத்தான் சந்தேகப்படுவார்கள். தொடர்ந்து முகர்ந்தால் யாருடைய மூக்கும் கால் மணி நேரத்தில் களைத்துப்போகும். சொந்த முழங்கை மடிப்பை இரண்டு தடவை முகர்ந்தால் திரும்பி வரும். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். அதனால் வாசனை வராத குப்பி ஒன்று கையில் இருந்தால், அவர்கள் முழங்கையை முகர்ந்துகொண்டே இருப்பார்கள்.

சென்ற மழைக்காலம் முடிந்ததும் மேடம் வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். முடியில் பாதி வெளுத்திருந்தது. என் அங்கியில் பெயர்ப் பட்டை குத்தியிருக்கும். அவர் அதைப் படிக்கவில்லை. "ஏம்மா, ஜன்னல் பக்கம் உக்காரலாமா?" என்றார். கற்றுக்கொடுக்கிற ஆள் எங்கே என்று சுற்றிப் பார்த்தார். நான்தான் என்று சொன்னேன். "ஓ, நீயேவா" என்றார்.

அந்த முதல் சனிக்கிழமை நான் நேர்மையாகத்தான் நடந்துகொண்டேன். அதனால்தான் அவர் மூக்கைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. லாவெண்டர் குப்பிகள் இரண்டை முகர்ந்துவிட்டு, "இதுல ஒண்ணு பழசு, கவனிச்சியா?" என்றார். நான் கவனித்திருக்கவில்லை. பார்த்தால் சரி. எட்டுப் பேரில், ஏன், நான் பார்த்த அத்தனை பேரிலும், அவர் மூக்குதான் முதல் தரம்.

பக்கத்தில் இருந்த, வங்கியில் வேலை செய்கிற அக்கா, "நீங்க எதுக்கு மேடம் இதைக் கத்துக்கறீங்க?" என்று கேட்டார். மேடத்தின் கணவர் போய் எட்டு மாதம் ஆகிறதாம். அவர் சட்டைக் காலரில் ஒரு வாசனை இருக்குமாம். "சலவை பண்ணாத சட்டை ஒண்ணு வெச்சிருக்கேன். வாரத்துக்கு ஒரு தடவை பிரிச்சுப் பார்ப்பேன். குறைஞ்சுக்கிட்டே வருது. முழுசா போறதுக்குள்ள அந்த வாசனையை நானே கலந்து வெச்சுக்கணும்" என்றார். வங்கி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் குப்பிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மேடத்தின் தட்டில் இருந்த ஆறு குப்பிகளிலும் பாதியைக் கொட்டிவிட்டு மணமில்லாத எண்ணெயை நிரப்பினேன். அதற்கடுத்த வாரம் பத்துக்கு ஒன்று. பிறகு நூற்றுக்கு ஒன்று. "இங்க காத்து நல்லா வரும் மேடம்" என்று அவரை ஜன்னலோரத்தில் தனி மேஜையில் உட்கார வைத்தேன். அவர் குப்பியை வேறு யாரும் முகர்ந்துவிடக் கூடாது அல்லவா. நான் செய்தது இவ்வளவுதான். விஷம் எதுவும் இல்லை. நீங்கள் எந்தப் பரிசோதனைக்கு அனுப்பினாலும் ஒன்றும் அகப்படாது.

அவர் முகர்ந்தார். முகம் சுளித்தார். முழங்கையை முகர்ந்தார். மறுபடியும் குப்பி. மறுபடியும் முழங்கை. "சளி பிடிச்சிருக்கோ என்னவோ" என்றார்.

முப்பத்தைந்து வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர், ஐயா. ஒரு சோதனை தப்பினால் முதலில் பொருளைச் சோதி, பிறகு கருவியைச் சோதி, கடைசியில்தான் உன்னைச் சந்தேகப்படு என்று எங்களுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டவர். பக்கத்து மேஜைக் குப்பியை எட்டி எடுத்து ஒரு தரம் முகர்ந்திருந்தால் என் கதை அன்றே முடிந்திருக்கும். அவர் எடுக்கவில்லை. அங்கி மாட்டிக்கொண்டு தட்டு எடுத்துவைக்கிற ஒருத்திக்குத் தன்னிடம் தீர்க்க ஒரு கணக்கு இருக்கலாம் என்பது அவர் புத்திக்கே எட்டவில்லை.

நான்காம் வாரம் கண்ணைக் கட்டி ஒரு தேர்வு வைத்தேன். ஐந்து பட்டை கொடுத்தேன். ஒன்றில் கிராம்பு எண்ணெய்; நான்கில் ஒன்றுமே இல்லை. அந்த நான்குக்கும் அவர் தயங்கித் தயங்கி ஏதோ பெயர் சொன்னார். ஐந்துக்கு ஒன்று என்று அவருடைய நோட்டிலேயே எழுதிக்கொடுத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மூக்குள்ள மட்டும் சளின்னு சொல்வாங்க. எனக்குச் சளி மட்டும்தான் மிச்சம்போல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கைப் பேச்சுக்காரர்தான். வகுப்பில் நாங்கள் அதை அறிந்ததில்லை.

"ஆனா வீட்ல காபி வாசனை வருதேம்மா" என்றார் ஒரு நாள்.

"அது ஞாபகம், மேடம். கண்ணு தூளைப் பார்க்குது, மூளை பழைய வாசனையை எடுத்துக் குடுக்குது. கரண்ட் போன பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் சுத்தும்ல? அந்த மாதிரி."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பொய் வாசனை வரும். இல்லாததெல்லாம் இருக்கிற மாதிரி தெரியும். எரிஞ்ச வாசனை, அழுகல் வாசனை, கேஸ் வாசனை. நிறைய பேருக்கு வரும். பயப்படாதீங்க, கண்டுக்காம விட்டுடுங்க."

அதை அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். எரியாமல் தப்பிய பொருள்களின் பட்டியலில் பச்சை அட்டை நோட்டு ஒன்று இருக்கிறது. பதினான்காம் பக்கம். "கேஸ்" என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருப்பார். படிக்கும்போது கோடு போடுவது அவர் பழக்கம்.

மருத்துவரிடமும் போனார். நோட்டைக் காட்டினாராம். மருத்துவர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, வயசு, துக்கம், சில சமயம் திரும்பி வரும் என்றாராம். சீட்டில் "வாசனை உணர்வு இழப்பு" என்று எழுதினார். மருத்துவர் எழுதியதைப் பார்த்து நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர், நான் எழுதிக்கொடுத்த மதிப்பெண்ணைப் பார்த்து எழுதினார். ஆக, உங்கள் கோப்பு முழுக்க என் எழுத்துதான். என் பெயர்தான் எங்கும் இல்லை.

சட்டை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மறைக்க வேண்டும் என்று எனக்கு இல்லை.

ஆறாம் சனிக்கிழமை அந்தச் சட்டையைக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, இரண்டு முடிச்சு. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு பிரித்தார். காலரை முகத்தில் அழுத்திக்கொண்டு வெகு நேரம் இருந்தார். "எனக்கு ஒண்ணுமே வரலை. உனக்கு வருதா பாரேன்" என்று என்னிடம் நீட்டினார்.

நான் முகர்ந்தேன். ஒன்பது மாதத்துச் சட்டை. வெறும் பிளாஸ்டிக் வாசனைதான். அவர் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

"நல்லா வருது, மேடம்" என்றேன். "கிராம்பு, கொஞ்சம் மரம், கொஞ்சம் வேர்வை. இப்பத்தான் கழட்டிப் போட்ட மாதிரி இருக்கு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்போ அவர் இருக்கார். நான்தான் இல்லை" என்றார்.

நான் அதே வாசனையைக் கலந்து தருவதாகச் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு குப்பி கொடுத்தேன். தினமும் மணிக்கட்டில் பூசிக்கொண்டார். "எனக்குத் தெரியலைன்னா என்ன, கூட இருக்கார்ல" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அந்தக் குப்பியும் உங்கள் பட்டியலில் இருக்கிறது, "வாசனைத் தைலம் ஒன்று" என்று. திறந்து பாருங்கள். வெறும் மணமில்லாத எண்ணெய். ஒரு சொட்டுக்கூட வேறெதுவும் சேர்க்கவில்லை.

இந்த இடத்தில் என்னை நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. எனக்குப் போதும் என்று தோன்றியிருந்தது. எட்டாம் வகுப்போடு பாடம் முடிகிறது. கடைசி நாளில் நல்ல குப்பிகளை எடுத்து வைத்து, "உங்க மூக்கு நல்லாத்தான் இருக்கு, மேடம். இந்தப் பெயர் ஞாபகம் இருக்கா பாருங்க" என்று சொல்வதாகத்தான் இருந்தேன். ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவில் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

காலை ஏழரை மணி. தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, தொந்தரவு பண்றேனா?"

"இல்ல மேடம், சொல்லுங்க."

"சமையல்கட்டுல கேஸ் அடிக்கிற மாதிரி இருக்கு. நேத்து சாயங்காலம்தான் புது சிலிண்டர் மாட்டிட்டுப் போனாங்க. இது நிஜமா, இல்ல நீ சொன்னியே, அதுவா?"

சீப்பைக் கீழே வைத்தேன். "ஜன்னல் பக்கம் போங்க மேடம். அங்கேயும் அதே மாதிரி வருதா?"

நடக்கிற சத்தம் கேட்டது. "அங்க கம்மியா இருக்கு. அடுப்புகிட்ட வந்தா ஜாஸ்தியா இருக்கு."

பொய் வாசனைக்கு ஜன்னலும் தெரியாது, அடுப்பும் தெரியாது. எங்கே போனாலும் ஒரே மாதிரிதான் வரும். நான் வேதியியல் பட்டதாரி, ஐயா. எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரியாமல் சொன்னேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.

"அப்போ அதுதான் மேடம். பொய் வாசனை" என்றேன்.

"நல்லவேளை உன்னைக் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு அசிங்கப்பட்டிருப்பேன்." சிரித்தார். "ஆமா, உன் பேரு என்னம்மா? போன்ல சென்ட் பொண்ணுன்னுதான் போட்டு வெச்சிருக்கேன்."

என் பெயரைச் சொன்னேன். அப்பா பெயரோடு சேர்த்து, வருகைப் பதிவேட்டில் அவர் மூன்று வருடம் கூப்பிட்ட அதே மாதிரி சொன்னேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். ஞாபகம் வந்திருந்தால், "எல்லா ஜன்னலையும் திறந்துட்டு வெளியே போங்க, மேடம்" என்று சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"நல்ல பேரு" என்றார்.

"டீ போட்டுக் குடிங்க மேடம். சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு தலை வாரி முடித்தேன். பின்னல் கொஞ்சம் கோணலாக வந்தது. அவிழ்த்து மறுபடியும் போட்டேன்.

மருத்துவமனையில் மூன்று நாள் உயிரோடு இருந்தார். இரண்டாம் நாள் பார்க்கப் போனேன். அண்ணன் மகன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். என்னை நர்ஸ் என்று நினைத்து வழி விட்டான். முகம் முழுக்கக் கட்டு, கண் தெரியவில்லை. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தார்.

"எரிஞ்ச வாசனை வந்துக்கிட்டே இருக்கும்மா. இதுவும் பொய்தானே?"

"ஆமாம் மேடம். பொய்தான்."

அவருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிலைமையில் ஒரு மனிதருக்கு உண்மையைச் சொல்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சுக்காரி இல்லை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறாய், வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மனசாட்சி உறுத்தியது என்று எழுதினால் உங்களுக்கும் வசதியாக இருக்கும். ஆனால் அது இல்லை. ஆறு வாரம் பிசகாமல் செய்த வேலை இது. புல்லில் எண்ணெய் வடித்ததைவிடக் கஷ்டம். அதைப் போய் விபத்து என்று எழுதிவிட்டீர்கள். விபத்து என்றால் யாரும் செய்யாதது. கீழே, "தகவல் தந்து உதவிய கடைப் பணிப்பெண்" என்று ஒரு வரி.

பழிவாங்கிவிட்டேன் என்றும் எழுதாதீர்கள். அது சின்னப் புத்திக்காரர்கள் செய்வது. நான் பாடம்தான் எடுத்தேன்.

நீங்கள் வருகிற சத்தம் படியில் கேட்கிறது. தாள்களை வரிசையாக அடுக்கி, மைக்கூட்டை மேலே வைத்துவிட்டுப் போகிறேன். அறைக்கு வெளியே இரண்டு பெஞ்சு போட்டிருக்கிறீர்கள். மின்விசிறிக்குக் கீழே இருப்பது சாட்சிகளுக்கு, சுவரோரம் இருப்பது மற்றவர்களுக்கு. காலையில் வந்ததும் கவனித்தேன். காலையிலேயே முடிவும் செய்துவிட்டேன். சுவரோரத்தில் போய் உட்காருகிறேன், யாரும் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். சிறையில் என்னைப் பார்க்க வருகிறவர்கள் ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். அப்பா போடுவார். மை டப்பாவை யாரும் நீட்ட வேண்டாம். அவருக்கு அது பெருமையாகக்கூட இருக்கும்.

என்னைக் கூப்பிடும்போது சென்ட் பொண்ணு என்று கூப்பிடாதீர்கள், ஐயா. முதல் தாளின் தலையில் என் பெயரை எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு முறைதான் எழுதினேன். அடக்கம் இல்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.